செராங்கூன் சாலையில் சிவந்த பாதங்கள்

சிங்கப்பூர் என்னை மழையோடு வரவேற்றது. எங்கள் நாகப்பட்டினத்தில் மழை வருவதற்கு முன்னால் வானம் கறுக்கும், காற்று திரும்பும், ஆடுகள் கத்தும். காயப்போட்ட இலையை அள்ளி உள்ளே வைக்க ஆளுக்கு நேரம் கிடைக்கும். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கொட்டத் தொடங்கிவிட்டது. துறைமுகத்தில் என்னோடு இறங்கியவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் ஓட, நான் ஒரு கையில் தகரப் பெட்டியும் மறுகையில் ஓலைப்பையுமாக நின்றேன்.

அந்த ஓலைப்பையில் இருந்தது மருதாணித் தூள். நாங்கள் மருதாணி வியாபாரிகள். ஊருக்கு வெளியே எங்கள் தோட்டத்தில் வரிசை வரிசையாக நிற்கும் செடிகளின் இலையை நிழலில் உலர்த்தி, இடித்து, சலித்து அனுப்புவதுதான் தொழில். நரைத்த தாடிக்கு வாங்குவார்கள், கம்பளி நூலுக்கு நிறமேற்ற வாங்குவார்கள், வெள்ளைக் குதிரையின் வாலுக்குப் பூசக்கூட வாங்குவார்கள். ஆனால் இந்தப் பையை விற்பதற்காக நான் கொண்டுவரவில்லை. என் அக்கா ஆமினாவின் மகள் ஜுலைகாவுக்கு நிக்காஹ். எங்கள் பக்கத்தில் அக்காவை லாத்தா என்போம். எனக்கு மீசை முளைப்பதற்கு முன்பே கட்டிக்கொடுத்துக் கப்பலேற்றி அனுப்பிய லாத்தா, கடிதத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார்: "என் பொண்ணு கையிலே நம்ம தோட்டத்து மருதாணி சிவக்கணும்."

கப்பல் சீக்கிரம் வந்துவிட்டதால் மச்சான் கபூர் இன்னும் வந்து சேரவில்லை. லாத்தாவின் கணவரான அவருக்குச் செராங்கூன் சாலையில் மளிகைக் கடை. நான் ஒரு ரிக்ஷாவைக் கூப்பிட்டேன். இழுப்பவர் சீனர், மெலிந்த உடம்பு, முதுகில் நீண்ட பின்னல், காலில் செருப்பில்லை. "செராங்கூன்" என்றேன். தலையை ஆட்டினார். என் ஓலைப்பையைத் தாமே வாங்கி என் காலடியில் வைத்து, மழை படாமல் தார்த்துணியை இழுத்துப் போர்த்திவிட்டு ஓடத் தொடங்கினார்.

மனிதர் இழுக்க மனிதர் உட்கார்ந்து போவது எனக்குப் புதிது. கொஞ்ச தூரம் கூச்சமாக இருந்தது. பிறகு பார்க்க அவ்வளவு இருந்ததால் கூச்சம் மறந்துபோயிற்று. தலைக்கு மேல் கம்பியைத் தொட்டுக்கொண்டு குதிரையில்லாமல் ஓடும் டிராம் வண்டி, கூடை நிறைய முள்ளுமுள்ளாக ஏதோ பழம், தலைப்பாகை கட்டிய சீக்கியக் காவலர், அவருக்குப் பக்கத்திலேயே நம் ஊர்க் குரலில் "தள்ளு, தள்ளு" என்று கத்தும் மாட்டு வண்டிக்காரர்.

செராங்கூன் சாலை எருமைகளின் சாலை. கொட்டகைகளுக்குத் திரும்பும் மந்தை ஒன்று எதிரே வந்தது. அதில் ஒரு கிடா டிராம் மணியைக் கேட்டு மிரண்டு எங்கள் பக்கம் திரும்பியது. ரிக்ஷா சாய்ந்தது. நான் தகரப் பெட்டியோடு குதித்து, கடைகளின் முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதைக்கு ஓடினேன். காவலர் ஊதல் ஊதி வண்டிகளையெல்லாம் விரட்டினார். மந்தை கடந்து, மழைத்திரை கொஞ்சம் விலகியபோது ரிக்ஷா இல்லை. பையும் இல்லை.

வழி கேட்டு, சொட்டச் சொட்ட லாத்தா வீட்டு வாசலில் போய் நின்றேன். லாத்தா என் முகத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். நான் பையைப் பற்றிச் சொன்னேன்.

"நீ வந்துட்டே. அது போதும், தம்பி" என்றார். ஆனால் சொல்லும்போது அவர் கண் ஜுலைகாவின் பக்கம் போய் வந்தது.

கபூர் மச்சான் துண்டை எடுத்துக் கொடுத்தார். "இந்த ஊர்ல எத்தனை ரிக்ஷா ஓடுது தெரியுமா மச்சான்? முகமும் ஒரே மாதிரி இருக்கும். கிடைக்காது லா. முதல்ல சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் ஊர்க் கைப்பக்குவம்தான். கூட வைத்த மிளகாய்ச் சாந்தில் மட்டும் கருவாட்டு மணம். அதைச் சம்பல் என்றார்கள். முதல் கவளத்தில் முகம் சுளித்தேன். தட்டு காலியாகும்போது இன்னும் கொஞ்சம் கேட்டேன்.

மறுநாள் காலையில் வீட்டின் பின்கதவைத் தட்டிக்கொண்டு ஒரு மலாய்ப் பெண்மணி வந்தார். பின்பக்கத்தில் அத்தாப்பு ஓலை வேய்ந்த வீடு அவருடையது. மக் மினா என்று கூப்பிடுகிறார்கள். இடுப்புக் கூடையில் பச்சைப் பசேலென்று மருதாணிக் கொழுந்து. என் பை போன செய்தி எனக்கு முன்னால் கிணற்றடிக்குப் போயிருந்தது.

அவர் மலாயில் சொன்னதை லாத்தா தமிழில் சொன்னார்: "இதை நாங்க இனாய்னு சொல்லுவோம். எங்க பிள்ளைங்க கல்யாணத்துக்கும் இதுதான். வேணுங்கிற அளவுக்குப் பறிச்சுக்குங்க, செடி மறுபடி தழையும்."

கடல் தாண்டி வந்து, வேறு பெயரில் அதே செடியைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மக் மினா வேலியோரமாகக் கூட்டிப்போய்க் காட்டினார். எங்கள் செடி வெயிலில் காய்ந்து குச்சி குச்சியாக, இலை சிறுத்து நிற்கும். இது மழையைக் குடித்து என் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. பூங்கொத்தை ஒடித்து முகர்ந்தேன். அதே மணம். துணிப் பெட்டியில் போட்டு வைப்பதாக அவர் சைகையில் காட்டினார். நாங்களும் அப்படித்தான் என்று நானும் சைகையில் சொன்னேன்.

ஆனால் தொழில்காரன் கண் சும்மா இருக்குமா? ஒரு பிடி இலையை அரைத்து ஜுலைகாவின் சுண்டுவிரலில் வைத்துப் பார்த்தோம். இளமஞ்சளாகத்தான் பிடித்தது. நல்ல வெயிலில் வாடிய செடியில்தான் நிறம் கனமாக இறங்கும். நீர் அதிகம் குடித்த இலையில் பச்சை இருக்கும், சிவப்பு குறைந்திருக்கும். மாப்பிள்ளை வீட்டார் ஊரிலிருந்து வந்து குடியேறியவர்கள், மணமகளின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பவர்கள் என்று மச்சான் சொன்னார்.

அன்று மாலையும் அடுத்த நாளும் நான் ரிக்ஷாக்காரர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நடந்ததில் ஊரைப் பார்த்தேன். ஒரே தெருவில் பள்ளிவாசலின் பாங்கு, கோயில் மணி, சீனர் வீட்டு ஊதுவத்திப் புகை. தேநீர்க்கடையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு தஞ்சாவூர்க்காரர்கள், என் பேச்சைக் கேட்டதும் இலையில் இருந்த பணியாரத்தை என் பக்கம் தள்ளி வைத்தார்கள். யார், எவர் என்று பிறகுதான் கேட்டார்கள்.

அதற்கு அடுத்த காலை, மச்சான் கடைக்கு வழக்கமாக வரும், தவ்வு என்னும் சோயாக் கட்டி விற்கும் சீனர் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரு கதை சொன்னார். மச்சான் சிரித்துக்கொண்டே கேட்டவர், பாதியில் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மச்சான், இங்க வாங்க. ரோச்சோர் ஆத்தோரம் ரிக்ஷாக்காரங்க தங்குற வீடு ஒண்ணு இருக்கு. அங்க ஒருத்தனுக்குக் கையும் காலும் ரத்தமாச் சிவந்துபோச்சாம். கழுவினாலும் போகலையாம். கழுவக் கழுவ அதிகமாகுதாம். தமிழன் ஒருத்தன் வண்டியில விட்டுப்போன பச்சைத் தூளைத் தொட்டானாம், அதிலேருந்துதான் நோய்னு சொல்றாங்களாம். வீட்டுக்குள்ளே விடாம வெளியே தள்ளிட்டாங்க."

அந்தக் காலத்தில் கொள்ளைநோய் என்ற பேச்சு துறைமுகம் துறைமுகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எங்களையே துறைமுகத்துக்கு முன்னால் ஒரு தீவில் இறக்கி, நாக்கை நீட்டச் சொல்லி, அக்குளைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் ஊருக்குள் விட்டிருந்தார்கள். நோயாளி என்று பேர் வாங்கியவரை அடுத்த வேளை யார் எங்கே கொண்டுபோவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

"இப்பவே போகலாம்" என்றேன். மச்சான் கடையைச் சாத்தினார். வெற்றிலைப் பெட்டியை மட்டும் மடியில் செருகிக்கொண்டார். அது இல்லாமல் அவர் எங்கும் போவதில்லை.

ஆற்றங்கரையில் ஒரு மரத்தடியில் அவர் உட்கார்ந்திருந்தார். அதே மெலிந்த உடம்பு, அதே பின்னல். பக்கத்தில் சுண்ணாம்புக் குழம்பும் தேங்காய் நாரும். உள்ளங்கையைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் வழன்றிருந்தது. அந்தக் கைகளின் நிறத்தைப் பார்த்து நான் திடுக்கிட்டேன். இத்தனை வருஷத் தொழிலில் அப்படி ஒரு சிவப்பைப் பார்த்ததில்லை. மருதாணி வைத்த மறுநாள்தான் நிறம் கூடும். சுண்ணாம்பு பட்டால் இன்னும் கறுத்துச் சிவக்கும். பாவம், போக்குவதற்காக அவர் செய்த ஒவ்வொன்றும் அதை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறது.

என்னைக் கண்டதும் அவர் எழுந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மரத்தின் பின்னால் போய், ஒரு நீலச் சட்டையில் சுற்றிய பொட்டலத்தை எடுத்துவந்து என் காலடியில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். பிரித்துப் பார்த்தேன். என் மருதாணித் தூள். கொண்டுவந்ததில் பாதிதான் இருந்தது. ஆனால் அந்தப் பாதி அப்படியே உலர்ந்து பச்சை மாறாமல் இருந்தது.

அவருக்குக் கொஞ்சம் சந்தை மலாய் தெரிந்தது. மச்சான் கேட்டுக் கேட்டுச் சொன்னார். பெயர் ஆ லெங். மழை ஓலைப்பையில் ஏறிவிட்டதைக் கண்டு, ஈரமானதைக் கையால் அள்ளித் தனியே எடுத்து, தகரத்தில் பரப்பி, காலால் துழாவித் துழாவிப் பகல் முழுக்க உலர்த்தியிருக்கிறார். அது தேறவில்லை; நனையாத பாதியை மாற்றுச் சட்டையில் கட்டி வைத்திருக்கிறார். என்னைத் தேடிச் செராங்கூன் சாலைக்குத் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்.

"என்ன சாமான்னு தெரியாது, ஆனா கப்பல்ல வந்தவர் கையிலேயே பிடிச்சிருந்தாரு, அப்ப வேண்டிய சாமானாத்தான் இருக்கும்னு நினைச்சானாம்" என்றார் மச்சான்.

நான் ஆ லெங்கின் கைகளைப் பிடிக்கப் போனேன். அவர் உதறிப் பின்வாங்கினார். எனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தார். வலிந்து பிடித்துக்கொண்டேன். எதிரே அவர்கள் தங்கும் வீட்டு வாசலில் நின்ற ரிக்ஷாக்காரர்கள் எல்லாரும் ஒரு சத்தம் போட்டார்கள்.

அவர்களுக்கு நடுவில் நின்ற பருத்த மனிதர்தான் ரிக்ஷாக்களின் முதலாளி. தவுக்கே என்றார்கள். அவருக்கு மலாய் நன்றாக வந்ததால், இது நோயில்லை, சாயம் என்று மச்சான் எடுத்துச் சொன்னார். "சாயம் என்கிறீர்கள். சாயம் என்றால் கழுவினால் போகும். இது போகவில்லை. இவன் இங்கே இருந்தால் என் ஆட்கள் எல்லாரும் ஓடிவிடுவார்கள். சுகாதார அதிகாரிக்குச் சொல்லி அனுப்பப் போகிறேன்" என்றார்.

"எனக்கு மத்தியானம் வரைக்கும் நேரம் கொடுங்கள்" என்று மச்சானைச் சொல்லச் சொன்னேன். தூளில் ஒரு பிடி எடுத்துத் தேநீரில் குழைத்து, எல்லார் கண் முன்னாலும் என் இடது உள்ளங்கையில் அப்பிக்கொண்டு அந்த மரத்தடியில் ஆ லெங்கின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

காத்திருந்த நேரத்தில் ஆ லெங் எனக்குக் கஞ்சி கொடுக்க நினைத்து, என் தொப்பியைப் பார்த்துவிட்டு, அதில் எனக்கு ஆகாத கறி இருக்குமே என்று யோசித்து, போய் உரிக்காத இரண்டு வாழைப்பழங்களை வாங்கிவந்து எட்ட வைத்தார். நான் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை அவரிடம் கொடுத்தேன். ஆற்றில் மரம் ஏற்றிய படகுகள் போய்க்கொண்டிருந்தன. எங்களுக்குள் பேச ஒரு வார்த்தைகூடப் பொதுவில் இல்லை.

வெயில் உச்சிக்கு வந்ததும் எழுந்து கையைக் கழுவிக் காட்டினேன். ஆரஞ்சு நிறம். பழுத்த பாக்கின் நிறம்.

தவுக்கே தலையை ஆட்டினார். "இது வேறு நிறம். அவனுடையது ரத்த நிறம்."

வாஸ்தவம்தான். என் நிறம் இருள நாளை வரை ஆகும். ஆனால் நாளை வரை அவர் பொறுக்கமாட்டார். ரிக்ஷாக்காரர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். ஆ லெங் என் கையையும் தம் கையையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். அப்போதுதான் அவர் காலடியில் காய்ந்து கிடந்த சுண்ணாம்பு என் கண்ணில் பட்டது.

"மச்சான், வெத்திலைப் பெட்டியைக் கொடுங்க!"

விரலால் சுண்ணாம்பை வழித்து உள்ளங்கையில் தடவிக் கசக்கினேன். கொஞ்சம் நீர் விட்டேன். எல்லார் முன்னாலேயும், அங்கேயே, ஆரஞ்சு இருண்டு சிவப்பாகியது. கையை ஆ லெங்கின் கையோடு சேர்த்து வைத்தேன்.

தவுக்கே கிட்டே வந்தார். என் கையைப் பிடித்துத் திருப்பினார், விரலால் தேய்த்தார், முகர்ந்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுத் தம் ஆட்களைப் பார்த்து அவர்கள் பாஷையில் ஏதோ உரக்கச் சொன்னார். வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள். ஆ லெங் சிரிக்கவில்லை. மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, சிவந்த இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

கூட்டத்தில் வயதான ஒருவர் வெடித்துப் பிளந்த தம் பாதத்தைத் தூக்கிக் காட்டி ஏதோ கேட்டார். "இந்தச் சாயம் காலுக்கு என்ன செய்யும்னு கேக்குறாரு" என்றார் மச்சான். உள்ளங்காலில் அப்பினால் எரிச்சல் அடங்கும், வெடிப்பும் ஆறும், எங்கள் ஊரில் சுடுமணலில் நடப்பவர்கள் பூசிக்கொள்வார்கள் என்றேன். நாள் முழுக்கத் தார்ச்சாலையில் வெறுங்காலோடு ஓடுபவர்கள் அவர்கள். ஒவ்வொருவராகக் காலைத் தூக்கிக் காட்டத் தொடங்கினார்கள். நான் பொட்டலத்தைப் பார்த்தேன். கல்யாணப் பெண்ணுக்கும் இவர்களுக்கும் சேர்த்துக் காணாது.

வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். லாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார். நான் வந்ததிலிருந்து என்னிடம் வெட்கப்பட்டுப் பேசாதிருந்த ஜுலைகா அப்போது வாயைத் திறந்தாள்.

"தூளை அவுஹளுக்கே கொடுத்துடுங்க மாமா. நம்ம சாமானாலே ஒருத்தர் அவ்ளோ பட்டிருக்காரு. எனக்கு மக் மினா வீட்டு இலை போதும். சுண்ணாம்பு வச்சாச் சிவக்கும்னு நீங்கதானே சொல்றீங்க?"

அன்று பிற்பகல் ரோச்சோர் ஆற்றங்கரையில் ஒரு வரிசை ரிக்ஷாக்கள் சும்மா நின்றன. இழுப்பவர்கள் எல்லாரும் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். பெரிய சட்டியில் குழைத்ததை நானும் ஆ லெங்கும் ஆளுக்கு ஆள் அப்பிவிட்டோம். காலையில் அவரை விட்டு விலகி நின்றவர்கள் இப்போது காலை அவர் மடியில் வைத்துக்கொண்டு கேலி பேசினார்கள். மறுநாள் செராங்கூன் சாலையில் சிவந்த பாதங்கள் ஓடின.

நிக்காஹுக்கு முந்தின நாள் மக் மினாவே வந்து ஜுலைகாவுக்கு மருதாணி இட்டார். இலையோடு கிராம்பும் பாக்கும் சேர்த்து அரைத்து, விரல்நுனிக்குத் தொப்பி தொப்பியாக வைத்துவிட்டார். கழுவியதும் நான் பக்குவமாகச் சுண்ணாம்பு தடவச் சொன்னேன். நல்ல நிறம்தான். எங்கள் தோட்டத்து நிறம் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் லாத்தா மகளின் கையை முத்தமிட்டதைப் பார்த்தபோது எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

நிக்காஹ் நாளில் மறுபடி மழை. விருந்தாளிகளெல்லாம் வந்து உட்கார்ந்தாயிற்று; மாப்பிள்ளையைக் காணோம். வாடகைக்குப் பிடித்த குதிரை வண்டியின் சக்கரம் பாலத்துக்கு அந்தப் பக்கம் சேற்றில் இறங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. ஊர்வலமாக வந்தவர்கள் நனைந்துகொண்டு நிற்கிறார்களாம். மச்சான் தலையில் கைவைத்தார். அன்று காலையிலிருந்தே கடைப்பக்கம் தம் வண்டியோடு நின்றிருந்த ஆ லெங், என் முகத்தைப் பார்த்தார், மச்சானிடம் இரண்டு வார்த்தை கேட்டார், வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்தார்.

கொஞ்ச நேரத்தில் சாலைக்கோடியில் சத்தம் கேட்டது. வாசலுக்கு ஓடினேன். முதல் ரிக்ஷாவில் மாப்பிள்ளை, பூமாலை நனையாமல். இழுத்துவந்தவர் ஆ லெங். பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றோர வீட்டு ரிக்ஷாக்கள் அத்தனையும், மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு. மழைநீரை அடித்துக்கொண்டு ஓடிவந்த அந்தக் கால்கள் ஒவ்வொரு எட்டிலும் சிவப்பாக மின்னின.

மாப்பிள்ளையின் பெரியப்பா வண்டியிலிருந்து இறங்கினார். தமக்கு முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவர்களின் பாதங்களைப் பார்த்தார். ஆ லெங்கின் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு உரக்கக் கேட்டார்:

"என்னங்க இது, எல்லாரும் மருதாணி வச்சிருக்காஹ! இவுஹ எந்த வீட்டு ஆளுங்க?"

கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து லாத்தாவின் குரல் வந்தது.

"பொண்ணு வீடுங்க. எல்லாரையும் உள்ளே கூப்பிட்டு உக்கார வைங்க. சோறு ஆறுது."